எம்.வி.பி. யாருக்கு? பேஸ்பால் வாதத்தில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் கட்சி பிரிந்துவிடுவார்கள். அந்த ஆண்டின் எம்.வி.பி. விருது, அதாவது லீகின் மிக மதிப்புமிக்க வீரருக்கான விருது, யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் சண்டை. ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இதில் வாய் திறக்கவே தயக்கமாக இருக்கும். எதிரில் இருப்பவர் ஓ.பி.பி., வார், பார்க் ஃபேக்டர் என்று அடுக்கிக்கொண்டே போவார். உண்மையில் இதற்குத் தேவைப்படும் சரக்கு அவ்வளவு அதிகம் இல்லை. எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசை பிடிபட்டுவிட்டால் போதும். ஒரு சீசனைக் கவனமாகப் பார்த்த யாரும் நியாயமாக வாதாடலாம்.

பெரும்பாலும் 2025 அமெரிக்கன் லீக் போட்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சமீப காலத்தில் இதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ்: பேட்டிங் சராசரி .331, ஹோம் ரன் (பந்து எல்லைச் சுவரைத் தாண்டும் அடி) 53. மறுபக்கம் சியாட்டில் மரினர்ஸின் கேட்சர் கேல் ராலி: ஹோம் ரன் 60. முழங்காலை மடக்கி உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் ஒருவர் ஒரே சீசனில் அத்தனை ஹோம் ரன் அடித்ததே கிடையாது. அதற்கு முந்தைய கேட்சர் சாதனை 2021-ல் கான்சாஸ் சிட்டியின் சால்வடோர் பெரெஸ் அடித்த 48. இருவரில் யாரைச் சொன்னாலும் அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் வாதம் அவ்வளவு சூடாக இருந்தது.

முதல் படி: ஓட்டு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேஜர் லீகில் 30 அணிகள். அமெரிக்கன் லீகில் 15, நேஷனல் லீகில் 15. லீகுக்கு ஒரு எம்.வி.பி. தேர்ந்தெடுப்பது அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம். 1931-லிருந்து அவர்கள் பொறுப்புதான். ஒவ்வொரு அணியின் ஊரிலிருந்தும் இரண்டு பத்திரிகையாளர்கள், ஆக லீகுக்கு 30 ஓட்டு. ஒவ்வொருவரும் பத்துப் பெயர்களை வரிசைப்படுத்தித் தர வேண்டும். முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9, மூன்றாமிடத்துக்கு 8, அப்படியே ஒவ்வொன்றாகக் குறைந்து பத்தாமிடத்துக்கு 1.

இதை ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2025-ல் ஜட்ஜுக்கு 17 முதலிடம், 13 இரண்டாமிடம். 17-ஐ 14-ஆல் பெருக்கினால் 238, 13-ஐ 9-ஆல் பெருக்கினால் 117, மொத்தம் 355. ராலிக்கு அப்படியே தலைகீழாக 13 முதலிடம், 17 இரண்டாமிடம். 182-ம் 153-ம் சேர்த்து 335. முப்பது பேரில் ஒருவர்கூட இந்த இருவரைத் தாண்டி மூன்றாமவரை மேலே வைக்கவில்லை. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே ஐந்து புள்ளி இடைவெளி வைத்திருப்பது, முதலிட ஓட்டுக்குக் கூடுதல் எடை தருவதற்காக. மூன்று பேர் மட்டும் மனம் மாறி ராலியை முதலில் எழுதியிருந்தால் விருது சியாட்டிலுக்குப் போயிருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம்: 162 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான சீசன் முடிந்தவுடனேயே, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுகள் தொடங்கும் முன், ஓட்டைக் கொடுத்துவிட வேண்டும். முடிவு மட்டும் நவம்பரில் வரும். இடைப்பட்ட அக்டோபரில் ஒருவர் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் கணக்கில் வராது. "அக்டோபரில் அவர் என்ன செய்தார் பார்த்தீர்களா?" என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லி நிறுத்திவிடலாம். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஓட்டுச்சீட்டோடு வரும் விதிகளையும் படித்துவிடுங்கள், சில வரிகள்தான். மதிப்பு என்றால் என்ன என்பதற்குத் தீர்மானமான விளக்கம் எதுவும் இல்லை, அதை ஓட்டுப் போடுபவரே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. வீரரின் அணி பிளேஆஃபுக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேட்டிங், ஃபீல்டிங் இரண்டிலும் அவர் அணிக்குத் தந்த பலம், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை, குணம், அணி விசுவாசம், உழைப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. பந்து வீசும் பிட்சர்களும், பேட்டிங் மட்டும் செய்யும் டி.எச். வீரர்களும் தகுதியானவர்களே என்று தனியாக நினைவூட்டுகிறது.

அந்த நினைவூட்டலை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1999 சாட்சி. பாஸ்டனின் பிட்சர் பெட்ரோ மார்டினெஸ் அந்த ஆண்டு 23 வெற்றி, 4 தோல்வி, 313 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). முதலிட ஓட்டு அவருக்குத்தான் அதிகம், 8. டெக்சாஸின் கேட்சர் இவான் ரோட்ரிகெஸுக்கு 7. ஆனாலும் ரோட்ரிகெஸ் 252-க்கு 239 என்று ஜெயித்தார். காரணம், இரண்டு எழுத்தாளர்கள் பெட்ரோவின் பெயரைப் பத்துப் பேர் பட்டியலில் எங்குமே எழுதவில்லை. பிட்சருக்கு முதலிடம் தர மனம் இல்லை என்றால் புரிந்துகொள்ளலாம். அந்த ஆண்டின் சிறந்த பத்துப் பேரில்கூட அவர் இல்லை என்று எழுதியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் படி: பெயரை மறந்துவிட்டு அளவுகோலை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். விதி விளக்கம் தராததால் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. பிடித்த வீரரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அவருக்குப் பொருந்தும் காரணங்களைத் தேடுவதுதான் பலரும் செய்வது. அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு தாளை எடுத்து, எந்த வீரரின் பெயரையும் நினைக்காமல், மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அணியின் வெற்றி தோல்வியைக் கணக்கில் எடுப்பேனா? நெருக்கடியான கட்டத்தில் அடித்த அடிக்குத் தனி மதிப்பு உண்டா? பிட்சரையும் டி.எச். வீரரையும் மற்றவர்களோடு ஒரே தராசில் வைப்பேனா?

பதில் எதுவாக இருந்தாலும் சரி. அதை எல்லா வீரர்களுக்கும், எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே மாதிரி போட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பிளேஆஃபுக்குப் போகாத அணி வீரருக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று நீங்கள் எழுதினால், 1987-ல் கடைசி இடத்தில் முடிந்த சிகாகோ கப்ஸின் ஆண்ட்ரே டாசன் வாங்கியதும், 2003-ல் கடைசி இடத்தில் முடிந்த டெக்சாஸின் அலெக்ஸ் ரோட்ரிகெஸ் வாங்கியதும் தவறு என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும். நான் சொல்ல மாட்டேன். பேஸ்பாலில் ஒரு பேட்டருக்கு ஆட்டத்துக்கு நாலைந்து முறைதான் வாய்ப்பு வரும். மற்ற எட்டுப் பேர் சொதப்பினால் அவரால் தடுக்க முடியாது. சக வீரர்களின் தரத்தை ஒருவர் கணக்கில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

2012-ஐப் பாருங்கள். டெட்ராய்ட் டைகர்ஸின் மிகேல் கப்ரேரா சராசரி .330, ஹோம் ரன் 44, ஆர்.பி.ஐ. (அவர் அடித்ததால் வந்த ரன்கள்) 139 என மூன்றிலும் அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தார். டிரிபிள் கிரவுன் எனப்படும் இந்தச் சாதனை 1967-ல் கார்ல் யாஸ்டிரெம்ஸ்கிக்குப் பிறகு யாருக்கும் அமையவில்லை. எதிரில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸின் மைக் ட்ரவுட், முதல் முழு சீசன் ஆடிய இளைஞர்: சராசரி .326, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலேயே, ஓடித் தொட வேண்டிய அடுத்த இடமான பேஸுக்குப் பாய்ந்துவிடுவது). டெட்ராய்ட் லீகுக்குள் தான் இருக்கும் பிரிவில் (சில அணிகள் கொண்ட குழுவில்) முதலிடம் பிடித்துப் பிளேஆஃபுக்குப் போனது, ஏஞ்சல்ஸ் போகவில்லை. அதனால் கப்ரேராதான் மதிப்புமிக்கவர் என்றார்கள். ஆனால் ஏஞ்சல்ஸ் ஜெயித்தது 89 ஆட்டம், டெட்ராய்ட் 88. ஏஞ்சல்ஸ் கடினமான பிரிவில் இருந்தது, டெட்ராய்ட் எளிதான பிரிவில் இருந்தது. அட்டவணை தந்த வித்தியாசத்தைக் கப்ரேராவின் மதிப்பு என்று எழுதுவது எப்படி நியாயமாகும்?

2025-ல் இந்தக் கேள்வியே எழவில்லை. மரினர்ஸ் 90 ஆட்டம் ஜெயித்து 2001-க்குப் பிறகு முதன்முறையாகத் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தது, யாங்கீஸ் 94 ஜெயித்தது, இரண்டுமே பிளேஆஃப். வீரர்களின் ஆட்டத்தை மட்டும் பேச வேண்டிய கட்டாயம் வந்தது. நல்ல விஷயம்.

மூன்றாம் படி: பேட்டிங்கை அவுட்டிலிருந்து தொடங்குங்கள்

ஸ்கோர்போர்டில் பெரிதாகத் தெரிவது சராசரி, ஹோம் ரன், ஆர்.பி.ஐ. மூன்றும்தான். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரிக்கெட்டில் சராசரி என்றால் ஒரு அவுட்டுக்கு எத்தனை ரன் என்று அர்த்தம். பேஸ்பாலில் ஆயிரம் முறை அடிக்க வந்தால் எத்தனை முறை ஹிட் அடித்தார், அதாவது அடித்து அவுட்டாகாமல் பேஸை அடைந்தார் என்பது. ஜட்ஜின் .331 என்றால் ஆயிரத்துக்கு 331. இந்தக் கணக்கில் வாக் சேராது. பிட்சர் நான்கு பந்துகளை வெளியே போட்டால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போகிறாரே, அதுதான் வாக். அணியைப் பொறுத்தவரை அவர் அவுட்டாகாமல் பேஸில் நிற்கிறார். அதை விட்டுவிட்டு ஒரு பேட்டரை அளந்தால் பாதி வேலை காணாமல் போய்விடும்.

அதனால் ஓ.பி.பி.யைப் பாருங்கள். ஹிட், வாக், உடம்பில் பந்து பட்டு பேஸுக்குப் போனது எல்லாம் சேர்த்து எத்தனை முறை அவுட்டாகாமல் பேஸை அடைந்தார் என்ற விகிதம் அது. 2025-ல் ஜட்ஜுக்கு .457, ராலிக்கு .359. இருவரும் 700 முறை பேட்டுடன் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜட்ஜ் 320 முறை பேஸில் நிற்பார், ராலி 251 முறை. வித்தியாசம் 69. ஓர் அணிக்கு ஒரு முழு ஆட்டத்துக்குக் கிடைப்பதே 27 அவுட்தான். ஆக, இரண்டரை ஆட்டத்துக்குரிய அவுட்களை ஜட்ஜ் செலவழிக்காமல் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த மிச்சத்தில் பின்னால் வரும் பேட்டர்கள் ரன் எடுக்கிறார்கள். ராலி கூடுதலாக அடித்த ஏழு ஹோம் ரன்னை இதன் எதிரில் வைத்துப் பாருங்கள்.

அடியின் பலத்தை அளக்க ஸ்லக்கிங் என்று ஒரு கணக்கு உண்டு. ஒற்றை அடிக்கு ஒன்று, ஹோம் ரன்னுக்கு நாலு என்று பேஸ்களைக் கூட்டி வகுப்பது. அதிலும் ஜட்ஜ் .688, ராலி .589. ஹோம் ரன் ஏழு குறைவாக அடித்தவரே இதில் முன்னே நிற்பதற்குக் காரணம் அவருடைய மற்ற ஹிட்கள்.

ஆர்.பி.ஐ. பற்றிச் சுருக்கமாக. ஒருவர் அடித்ததால் எத்தனை பேர் கடைசி பேஸான ஹோமுக்கு ஓடி வந்து ரன் எடுத்தார்கள் என்ற கணக்கு அது. முன்னால் ஆடியவர்கள் பேஸில் நின்றால்தான் ஓடி வருவதற்கு ஆள் இருக்கும். அதை வாதத்தின் அடித்தளமாக வைக்காதீர்கள், ஓரமாக வையுங்கள்.

பிறகு மைதானம், அதாவது பார்க் ஃபேக்டர். பேஸ்பால் மைதானங்கள் எல்லாம் ஒரே அளவில் கட்டப்பட்டவை அல்ல. டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசானது என்பதால் கூர்ஸ் ஃபீல்டில் பந்து பறக்கும். சியாட்டில் மைதானமோ பேட்டர்களுக்குப் பெரும் சோதனை. சமீப ஆண்டுகளில் ரன் எடுக்க மிகக் கடினமான மைதானங்களில் ஒன்று. இதைச் சரிக்கட்ட ஓ.பி.எஸ். பிளஸ், டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் என்று அளவுகள் உண்டு. லீகின் சராசரி பேட்டருக்கு 100, மைதான வித்தியாசம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் கணக்கில் 2025-ல் ஜட்ஜ் 200-க்கு மேல். அதாவது சராசரி பேட்டரைப் போல இரண்டு மடங்கு. ராலி 160 அளவில். சியாட்டில் மைதானத்துக்கான சலுகை கொடுத்த பிறகும் இடைவெளி மூடவில்லை.

ஆனால் மைதானத்தைக் காட்டி ஒருவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. 1997-ல் கொலராடோவின் லாரி வாக்கர் 49 ஹோம் ரன் அடித்தபோது எல்லாம் டென்வர் காற்றின் வேலை என்றார்கள். உள்ளூரில் எத்தனை, வெளியூரில் எத்தனை என்று பிரித்துப் பார்த்தால் 29 ஹோம் ரன் வெளியூரில் அடித்தவை. விருதும் அவருக்குத்தான் போனது. யாராவது மைதானத்தை இழுத்தால் இந்தப் பிரிவினையைத் தேடி எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

நான்காம் படி: கையுறையும் காலும்

இங்கேதான் புதியவர்களும் பழையவர்களும் ஒருசேர அவசரப்படுகிறார்கள். பேட்டிங் எண்கள் கண்ணில் படும். தடுத்த ரன் கண்ணில் படாது. இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள்.

முதலில் ஆடும் இடம். எல்லா இடமும் சமமான உழைப்பைக் கேட்பதில்லை. கேட்சர், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்ட் ஆகிய இடங்களுக்கு ஆள் கிடைப்பது அரிது, முதல் பேஸுக்கும் இடது ஃபீல்டுக்கும் அடிக்கத் தெரிந்தவர்கள் நிறையக் கிடைப்பார்கள், டி.எச். களத்துக்கே வருவதில்லை. இதை ரன்னாக மாற்றிக் கணக்கிடுகிறார்கள். ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் கணக்கில், ஒரு முழு சீசனுக்கு கேட்சருக்கு 12.5 ரன் கூட்டுகிறார்கள், டி.எச். வீரருக்கு 17.5 ரன் கழிக்கிறார்கள். இடைவெளி 30 ரன். ஏறக்குறைய 10 ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது பொதுவான கணக்கு. ஆக, பேட்டிங்கில் ஒரே மாதிரி இருக்கும் கேட்சருக்கும் டி.எச். வீரருக்கும் மூன்று வெற்றி வித்தியாசம். ஜட்ஜ் பெரும்பாலும் வலது ஃபீல்டில் நின்றார். ஜூலை கடைசியில் முழங்கை காயம் வந்த பிறகு சில வாரங்கள் டி.எச். ஆக மட்டும் ஆடினார். ராலி நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் கேட்சராக உட்கார்ந்தார். அவர் கட்சிக்காரர்களின் பலமே இங்கேதான் இருந்தது.

கேட்சர் என்ன செய்கிறார் என்பதை ஒரு பந்தை வைத்துப் பார்ப்போம். பிட்சர் வீசிய பந்து பேட்டரின் முழங்காலுக்கு ஒட்டினாற்போல, பேட்டர் அடித்திருக்க வேண்டிய பந்தாகக் கருதப்படும் ஸ்ட்ரைக் எல்லையின் கீழ் விளிம்பில் வருகிறது. பேட்டர் அடிக்காமல் விடுகிறார். சாதாரண கேட்சரின் கை பந்தின் வேகத்தோடு கீழே இறங்கும். பின்னால் குனிந்து நிற்கும் அம்பயருக்குப் பந்து தாழ்வாகப் போனது போலத் தெரியும், 'பால்' (எல்லைக்கு வெளியே போன பந்து) என்று விட்டுவிடுவார். தேர்ந்த கேட்சர் கையுறையை முன்னாலேயே தரையோடு இறக்கி வைத்திருப்பார். பந்து வரும்போது கை கீழிருந்து மேலாக வந்து அதை வாங்கும், வாங்கிய இடத்தில் அசையாமல் நிற்கும். அம்பயர் கை உயர்கிறது, ஸ்ட்ரைக். இதற்கு ஃபிரேமிங் என்று பெயர். இப்படி மாறும் ஒவ்வொரு முடிவும் ஒரு ரன்னில் சுமார் எட்டில் ஒரு பங்கு மதிப்புள்ளது. சின்னதாகத் தெரிகிறது, ஆனால் கேட்சர் ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளைப் பிடிக்கிறார். சீசன் முடியும்போது நல்ல கேட்சருக்கும் மோசமான கேட்சருக்கும் இடையே இரண்டு, மூன்று வெற்றி வித்தியாசம் வந்து நிற்கும். (2026 முதல் அம்பயரின் தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிட அணிகளுக்குச் சில வாய்ப்புகள் உண்டு. அந்த அளவுக்கு இந்தக் கலையின் மதிப்பு இனி குறையலாம். பழைய ஆண்டுகளை அளக்கும்போது முழு மதிப்பும் கொடுங்கள்.)

கால் விஷயத்தில் 2012 திரும்ப உதவுகிறது. ட்ரவுட் 49 முறை பேஸ் திருடினார், பிடிபட்டது 5 முறை மட்டும். அதே சீசனில் கப்ரேரா 28 முறை ஒரே அடியில் இரண்டு அவுட் ஆகும் டபுள் பிளேயில் சிக்கினார், லீகிலேயே அதிகம். ட்ரவுட் சென்டர் ஃபீல்டில் ஆடியவர், பால்டிமோரில் சுவர் மேல் தாவி ஹோம் ரன்னாகப் போகவேண்டிய பந்தைப் பறித்தவர். டிரிபிள் கிரவுனின் மூன்று கட்டத்திலும் இவை எதற்கும் இடமில்லை. எனக்கு ஓட்டு இருந்திருந்தால் 2012-ல் ட்ரவுட்டுக்குத்தான் போட்டிருப்பேன். அமெரிக்கன் லீகில் அப்போது இருந்த 28 முதலிட ஓட்டில் அவருக்குக் கிடைத்தது 6.

ஐந்தாம் படி: எத்தனை நாள் ஆடினார்?

இதை நீட்டத் தேவையில்லை. 162-ல் எத்தனை ஆட்டம் என்று பாருங்கள். ராலி 159, ஜட்ஜ் 152. ஒரு வாரம் வித்தியாசம். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. இருபது, முப்பது ஆட்டம் என்றால் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்சர் 159 ஆட்டம் ஆடுவது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆறாம் படி: 'வார்' எண்ணைக் கடைசியில் திறவுங்கள்

இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் வார் பார்க்க வேண்டும். பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங், ஆடும் இடம், மைதானம் எல்லாவற்றையும் ரன்னாக்கி, ரன்னை வெற்றியாக்கி ஒரே எண்ணில் தருவது அது. எளிதாகக் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று வீரரைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்பது அதன் பொருள். 8-க்கு மேல் போனால் எம்.வி.பி. தரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலிலேயே இதைத் திறந்தால் மற்ற எதையும் பார்க்கத் தோன்றாது, அதுதான் ஆபத்து. அது மட்டுமில்லை, வார் ஒன்று கிடையாது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் ஒரு விதமாகக் கணக்கிடுகிறது, ஃபேன்கிராஃப்ஸ் வேறு விதமாக. 2025-ல் ஃபேன்கிராஃப்ஸ் கணக்கில் ஜட்ஜுக்கு சுமார் 10, ராலிக்கு சுமார் 9. பேஸ்பால் ரெஃபரன்ஸிலோ ஜட்ஜ் 9.7, ராலி 7.4. ராலிக்கு ஏன் இவ்வளவு இறங்குகிறது? முக்கியமான காரணம் நாம் மேலே பார்த்த ஃபிரேமிங். ஃபேன்கிராஃப்ஸ் அதைச் சேர்த்துக்கொள்கிறது, மற்றது சேர்ப்பதில்லை. யாராவது ஒரு வார் எண்ணை வீசினால் எந்தத் தளத்தின் எண் என்று கேளுங்கள். கேட்சர் பற்றிய வாதமாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

பிட்சர்களுக்கும் இதே சிக்கல். ஒரு தளம் அவர் விட்டுக்கொடுத்த ரன்களிலிருந்து தொடங்குகிறது. இன்னொன்று ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் மூன்றிலிருந்து தொடங்குகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு வெற்றி வித்தியாசம்கூட வரும்.

ஒரு வெற்றிக்குக் குறைவான இடைவெளியை வைத்து யாரும் யாரையும் அடித்துப் பேச முடியாது. ஃபீல்டிங் அளவுகள் அவ்வளவு துல்லியமானவை அல்ல. 2012-ல் ட்ரவுட்டுக்கு 10-க்கு மேல், கப்ரேராவுக்கு 7 அளவில் என்று இருந்ததே, அந்த மாதிரி இடைவெளி என்றால் மட்டும் எண்ணே பேசும்.

ஏழாம் படி: வழக்கத்துக்கு வெளியே நிற்பவர்களுக்குப் பதில் தயாராக வைத்திருங்கள்

பிட்சர் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று வாதங்கள் வரும். சை யங் விருது என்று பிட்சர்களுக்கே தனியாக ஒன்று 1956-லிருந்து இருக்கிறதே, இது எதற்கு என்பார்கள். ஓட்டுச்சீட்டு விதியே அதற்குப் பதில். ஐந்து நாளைக்கு ஒருமுறை ஆடுபவர் எப்படி மதிப்புமிக்கவர் என்பார்கள். டெட்ராய்டின் ஜஸ்டின் வெர்லாண்டர் 2011-ல் விருது வாங்கியபோது அந்த சீசனில் 900-க்கும் மேற்பட்ட பேட்டர்களை எதிர்கொண்டார். முழுநேரப் பேட்டர் ஒருவர் பேட்டுடன் வருவது 700 முறை. வேலை அளவில் பிட்சர் குறைந்தவரே இல்லை. இருந்தாலும் பிட்சருக்கு எம்.வி.பி. அரிது என்பார்கள்; அது உண்மை. 2014-ல் டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷா வாங்கிய பிறகு பிட்சராக மட்டும் ஆடும் யாருக்கும் 2025 வரை கிடைக்கவில்லை. அரிது என்பதைத் தகுதி இல்லை என்று மாற்றிவிட மட்டும் விடாதீர்கள்.

ஷோஹெய் ஓதானி எல்லா அளவுகோலையும் உலுக்கிவிட்டவர். 2022-ல் அவர் 34 ஹோம் ரன் அடித்து, பிட்சராகவும் 15 ஆட்டம் ஜெயித்தார். ஆனால் அந்த ஆண்டுதான் ஜட்ஜ் 62 ஹோம் ரன் அடித்து, 1961-ல் ரோஜர் மேரிஸ் வைத்த 61 என்ற அமெரிக்கன் லீக் சாதனையைத் தாண்டினார். 30 முதலிட ஓட்டில் ஜட்ஜுக்கு 28. ஒருவர் ஒரே வேலையை வரலாறு காணாத உயரத்தில் செய்கிறார். இன்னொருவர் இரண்டு வேலையை உயர்தரமாகச் செய்கிறார். இதில் என் மனம் ஓதானி பக்கம் கொஞ்சம் சாயும். ஓர் அணியில் ஆள் வைத்துக்கொள்ள 26 இடம்தான். ஓதானி ஒரே இடத்தில் இரண்டு ஆளாக இருக்கிறார். அந்தக் காலி இடம் அணிக்குக் கிடைக்கும் லாபம், எந்த வார் எண்ணிலும் அது வருவதில்லை.

2024-ல் நிலைமை தலைகீழ். முழங்கை அறுவைச் சிகிச்சை காரணமாக ஓதானி பிட்ச் செய்யவே இல்லை, சீசன் முழுக்க டி.எச். மட்டும். களத்துக்கே வராதவருக்கு எம்.வி.பி.யா என்று சீசன் நடுவில் பலர் கேட்டார்கள். நியூயார்க் மெட்ஸின் ஷார்ட்ஸ்டாப் பிரான்சிஸ்கோ லிண்டோர் வலுவான போட்டியாளர். கடைசியில் ஓதானி 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு என்று முடித்தார். ஒரே சீசனில் இரண்டிலும் 50-ஐத் தொட்ட முதல் ஆள். 30 முதலிட ஓட்டும் அவருக்கே. டி.எச். என்பதற்கான கழிவைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பதுதான் சரியான முறை என்பதற்கு அது நல்ல உதாரணம். கழிவு பெரியது, மிச்சம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

எட்டாம் படி: இப்போது பேசுங்கள்

எதிராளியின் வீரரைக் குறைத்துப் பேசுவதில் தொடங்காதீர்கள். அவருடைய வலுவான வாதத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். 2025-க்கு நான் இப்படித்தான் சொல்வேன்: ராலி கேட்சர்களின் ஹோம் ரன் சாதனையை 48-லிருந்து 60-க்கு ஏற்றினார், இடது, வலது என இரு பக்கமும் நின்று அடிக்கும் பேட்டர்களில் 1961-ல் மிக்கி மேண்டில் வைத்த 54-ஐயும் தாண்டினார், ஆட்டத்தின் மிகக் கடினமான இடத்தில் நின்றார், பிட்சர்களை வழிநடத்தியதற்கு முழுமையான எண் கிடையாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த 69 அவுட் கணக்கை எடுத்து வைப்பேன். ஆடும் இடத்துக்கும் ஃபிரேமிங்குக்கும் ராலிக்குத் தாராளமாகக் கொடுத்தாலும், அந்தக் கணக்கு தரும் தூரத்தை அவரால் முழுதாகக் கடக்க முடியவில்லை. என் ஓட்டு ஜட்ஜுக்கு, நூலிழையில். ராலி என்று சொன்ன 13 பேரில் யாரும் தவறு செய்ததாக நான் நினைக்கவில்லை.

சில பேச்சுகளைத் தவிர்த்துவிடுங்கள். "அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார், வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம்" என்பது அதில் முதலாவது. முன்பு வாங்கியவரும் தகுதியானவர் என்று விதியிலேயே இருக்கிறது. ஜட்ஜுக்கு 2025-ல் கிடைத்தது மூன்றாவது விருது, அதே ஆண்டு நேஷனல் லீகில் வாங்கிய ஓதானிக்கு நான்காவது. பத்திரிகையாளர்களுக்குப் பிடிக்காதவர் என்பதும் காரணமாகக் கூடாது. பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் 1947-ல் டிரிபிள் கிரவுன் வாங்கியும் ஜோ டிமாஜியோவிடம் 202-க்கு 201 என்று ஒரே புள்ளியில் தோற்றார். வில்லியம்ஸுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். அந்த ஒரு புள்ளியை நினைத்து பாஸ்டன் ரசிகர்கள் இன்னும் வருந்துகிறார்கள்.

இரண்டு பேரோடு நிறுத்தாமல் பத்து இடத்தையும் நிரப்புங்கள். மூன்றிலிருந்து பத்து வரை எழுதும்போதுதான் உங்கள் அளவுகோல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரியும். 2025-ல் கிளீவ்லாந்தின் ஹோசே ராமிரெஸையும் கான்சாஸ் சிட்டியின் பாபி விட் ஜூனியரையும் எந்த வரிசையில் வைப்பீர்கள்? பிட்சர் தாரிக் ஸ்கூபலை அந்தப் பட்டியலில் எங்கே நுழைப்பீர்கள்? முதல் இரண்டு இடத்துக்குச் சொன்ன காரணம் ஐந்தாம் இடத்துக்குப் பொருந்தவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் அந்தத் தாளைத் திருத்துங்கள்.

பட்டியலை சீசனின் கடைசி ஞாயிறு இரவுக்குள் முடித்துவிடுங்கள், எழுத்தாளர்களைப் போலவே. நவம்பரில் முடிவு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாளரும் யாரை எந்த இடத்தில் வைத்தார் என்பதைச் சங்கம் தன் தளத்தில் பெயருடன் வெளியிடும். உங்கள் பத்தோடு அவர்கள் பத்தை வைத்து, எங்கே விலகுகிறீர்கள் என்று பாருங்கள். முக்கியமாக நான்காம், ஐந்தாம் இடங்களில் விலகியவர்களில் சிலர் காரணத்தையும் எழுதியிருக்கலாம். அடுத்த சீசன் தொடங்கும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.